புத்திமதி போதும், தொட்டில் எங்கே?

நம் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படும் கனவான்கள் நாட்டில் பெருகிவிட்டார்கள். தொழிலாளி வீட்டுக் குழந்தை மெலிந்திருக்கிறதா? தாய்க்கு ஊட்டத் தெரியவில்லை என்கிறார்கள். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிறதா? தாய்க்குச் சுத்தம் தெரியவில்லை. தடுப்பூசி தவறிவிட்டதா? தாய்க்கு அக்கறை இல்லை. ஆக, எல்லாக் கோளாறுக்கும் ஒரே காரணம் தாயின் அறியாமை. எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்து புத்திமதி! ஊருக்கு ஊர் சுவரொட்டி ஒட்டுகிறார்கள், வாரவிழா கொண்டாடுகிறார்கள். மேடையில் மாலை போட்டுக்கொண்டு, தாய்மார்களே, கீரை சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போகிறார்கள்.

கீரை நல்லதுதான். யார் இல்லை என்றது? ஆனால் அந்தத் தாயின் வாயில் நிற்கும் கேள்வி வேறு. "நான் மில்லுக்குப் போனால், நான் நடவுக்குப் போனால், இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?" இந்தக் கேள்விக்கு எந்தச் சுவரொட்டியிலும் பதில் இல்லை.

யாருடைய அறியாமை?

சர்க்காரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட தாய்மார்கள் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று நம்பச் சொல்கிறார்களா?

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடு என்கிறது சுவரொட்டி. சரியான பேச்சு. கைக்குழந்தைக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் வேண்டும். பஞ்சாலையில் ஷிப்டு எட்டு மணி நேரம். போக வர ஒரு மணி, இரண்டு மணி. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட். எழுந்து போனால் அத்தனை பீஸும் போச்சு. நடவு வயலில் விடியும் முன் இறங்கியவள், தூளியில் கிடக்கும் பிள்ளை வரப்பு மேட்டில் கத்தினாலும், நாற்றுமுடி தீரும்வரை நிமிர முடியாது. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்க்கிறான். இந்தத் தாய்க்கு என்ன தெரியவில்லை? பிள்ளைக்குப் பசிக்கிறது என்பது தெரியவில்லையா? மார்பில் பால் கட்டி வலிப்பது தெரியவில்லையா? எல்லாம் தெரியும். இல்லாதது நேரம், இடம், கூலி. இந்த மூன்றையும் கையில் வைத்திருப்பவன் தாய்க்கு அறிவு போதாது என்று சொன்னால், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

இந்தக் கதை பழையது. பம்பாய் மில்களில் வேலை செய்த தாய்மார்கள், கைக்குழந்தை நாள் முழுதும் தூங்கிக் கிடக்க அபின் கொடுத்து விட்டுப் போனார்கள். வெள்ளைக்காரச் சர்க்கார் நியமித்த தொழிலாளர் ராயல் கமிஷன் 1931ஆம் வருஷத்து அறிக்கையில் இதை எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தாய்மார்கள் பிள்ளைமேல் பாசம் இல்லாதவர்களா? மெஷின் ஓட வேண்டும், பிள்ளை அழக் கூடாது. தொட்டில் இல்லாத இடத்தில் அபின் தொட்டிலாயிற்று! இதை மாற்றியது அபினுக்கு எதிரான உபதேசம் மட்டும் அல்ல. 1924இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் பிரசவ உதவி மசோதாவைக் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. ஆனால் 1929இல் பம்பாயிலும் 1934இல் சென்னை மாகாணத்திலும் பிரசவ உதவிச் சட்டம் வந்தது. 1948இல் பாக்டரி சட்டத்திலே பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று எழுதினார்கள். தாயின் நிலைமை நகர்ந்தது சட்டத்தால். சட்டத்தை நகர்த்தியது தொழிலாளியின் குரல்.

புத்திமதியை விற்கும் வியாபாரி

புத்திமதி இலவசமாக வருகிறது என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் கடை இருக்கிறது. பால்மாவுக் கம்பெனிகளின் சரித்திரத்தைப் பாருங்கள். ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்குள் நர்ஸ் உடுப்பு மாட்டிய விற்பனைப் பெண்களை அனுப்பினார்கள். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். கையோடு ஒரு டப்பாவையும் கொடுத்தார்கள். இலவச டப்பா தீர்வதற்குள் தாய்ப்பால் வற்றியது. அடுத்த டப்பா வாங்கக் காசு இல்லை. இருந்ததில் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. குழந்தைகள் மடிந்தன.

டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி 1939இலேயே சிங்கப்பூரில் வர்த்தகப் பிரமுகர்கள் கூடிய சபையில் நின்று, இது கொலை என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1974இல் இங்கிலாந்தில் இதை அம்பலப்படுத்திப் பிரசுரம் வந்தது. 1977இல் அமெரிக்காவில் ஜனங்கள் நெஸ்லே கம்பெனியின் சரக்கைப் பகிஷ்கரித்தார்கள். 1981இல் உலக சுகாதார ஸ்தாபனம் விதிமுறை வகுத்தது. 1992இல் நம் நாட்டிலும் சட்டம் வந்தது. 2003இல் அதை இறுக்கினார்கள். இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்கான உணவுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, டாக்டர்களுக்குப் பரிசும் பணமும் கொடுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எவனாவது டப்பாவை நீட்டினால் அது சட்டவிரோதம் என்று உரக்கச் சொல்லுங்கள்.

ஆகவே, பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒருவர் சொல்ல வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: ஐயா, உமக்கு இதில் என்ன லாபம்?

எண்ணிக்கை விளையாட்டு

பாக்டரி சட்டத்தின் 48ஆவது பிரிவு முதலில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அதை 30 பெண்களுக்கு மேல் என்று குறைத்தார்கள். முதலாளி என்ன செய்தான்? காப்பகம் கட்டுவதைவிடப் பெண்ணைக் குறைப்பது மலிவு என்று கண்டான். பதிவேட்டில் 30க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டான். மிச்சப் பேரைக் காண்டிராக்டர் கணக்கில் எழுதினான். கோவை, திண்டுக்கல், ஈரோடு வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். கலியாணமாகாத பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கினார்கள். அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர்! பிரசவச் சம்பளமும் வேண்டாம், தொட்டிலும் வேண்டாம் என்பதே அதில் முதலாளி கண்ட லாபம்.

இப்போது கணக்கு மாறியிருக்கிறது. 2020இல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பில், ஆணும் பெண்ணுமாக 50 பேர் வேலை செய்யும் ஸ்தாபனத்துக்குக் காப்பகக் கடமை உண்டு. ஆணையும் சேர்த்து எண்ணுவது நியாயம். பிள்ளை தாய்க்கு மட்டும் பிறக்கவில்லை. பெண்ணைக் குறைத்துத் தப்பிக்கும் வழியும் அடைபடுகிறது. ஆனால் மறுபக்கம் பாருங்கள். 40 பெண்கள் மட்டும் வேலை செய்யும் சின்ன பாக்டரியில் பழைய சட்டப்படி தொட்டில் உண்டு. புதிய கணக்குப்படி இல்லை! சின்னச் சின்ன யூனிட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் திருப்பூர் போன்ற ஊர்களில் இதன் அர்த்தம் என்ன என்று தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை.

காப்பகம் உள்ள இடத்தில் தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தனியாக உண்டு. இவை முதலாளியின் தயவல்ல, சட்டம். எத்தனை மில்களின் நோட்டீஸ் பலகையில் இது எழுதியிருக்கிறது? அபராத விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதத் தெரிந்தவனுக்கு இதை எழுதப் பெயிண்ட் இல்லையா?

வயலுக்குச் சட்டம் ஏது?

மில் தொழிலாளிக்காவது காகிதத்தில் தொட்டில் இருக்கிறது. விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குக் காகிதத்திலும் இல்லை. இன்றைக்கு இந்த மிராசுதார் வயல், நாளைக்கு அந்த வயல். 50 பேர் உள்ள ஸ்தாபனம் என்ற கணக்குக்குள் அவள் வருவதே இல்லை.

2005ஆம் வருஷத்து நூறுநாள் வேலைச் சட்டத்தில் ஒரு விதி எழுதினார்கள். வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால், ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமித்து அவளுக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்பது விதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கொளுத்தும் வெயிலில் ஏரிக்கரையில் பிள்ளையைக் குடைக்கடியில் படுக்க வைத்து மண் வெட்டிய தாய்மார்களிடம், உன் தளத்தில் அந்தப் பெண் இருந்தாளா என்று கேட்டுப் பாருங்கள்.

தொட்டில் கட்டுவது முடியாத காரியமா? 1969இல் டில்லியில் காந்தி நூற்றாண்டுக்காகக் கட்டடம் எழும்பிய இடத்தில், கூலிக்காரர்களின் பிள்ளைகள் மண்ணிலும் தூசியிலும் கிடப்பதைக் கண்டு மீரா மகாதேவன் என்ற பெண்மணி ஒரு கூடாரத்திலே காப்பகம் தொடங்கினார். கட்டடம் முடிந்து கூலிக்காரர்கள் அடுத்த இடத்துக்குப் போனால் காப்பகமும் கூடவே போகும். வயலுக்கும் இது பொருந்தாதா? மனம் இருந்தால் பொருந்தும்.

டில்லி சர்க்காரின் திட்டம் ஒன்றும் இருக்கிறது. பழைய தேசியக் காப்பகத் திட்டத்தில் செலவில் பெரும்பகுதியை மத்திய சர்க்கார் ஏற்றது. பிறகு தன் பங்கைக் குறைத்து மாநிலங்களின் தலையில் ஏற்றியது. ஆயிரக்கணக்கான காப்பகங்கள் மறைந்தன. 2022இல் அதற்கே 'பால்னா' என்று, அதாவது தொட்டில் என்று, புதுப் பெயர் சூட்டினார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை 25 குழந்தைகள், மாதத்தில் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம், பால்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்பது திட்டம். நாடு முழுவதற்கும் 17 ஆயிரம் காப்பகங்கள் என்று இலக்கு வைத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட பால்வாடிகள் இருக்கும்போது, நாடு முழுவதற்கும் 17 ஆயிரம்! யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பால்வாடி பிச்சையல்ல

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்து, இரண்டு வயது நிரம்பிய குழந்தையின் தட்டிலும் மத்தியானச் சோறு விழுந்தது. நல்ல காரியங்கள். ஆனால் இன்றும் பலர் பால்வாடியைச் சர்க்கார் போடும் தர்மம் என்று நினைக்கிறார்கள். இல்லை! 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு உரிமை. கர்ப்பிணிக்கும், பிரசவம் ஆகி ஆறு மாதம்வரை தாய்க்கும் உரிமை.

பால்வாடியே இல்லாத சேரி உண்டா, காலனி உண்டா? சுப்ரீம் கோர்ட் 2006 டிசம்பர் 13இல் போட்ட உத்தரவைக் கேளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் உள்ள குடியிருப்பு ஜனங்கள் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும். ஆக, கேட்க வேண்டும். வாயால் அல்ல, கையெழுத்துப் போட்ட மகஜரால்!

பால்வாடி டீச்சரைக் குறை சொல்லித் திருப்தியடைபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோறு, எடை பார்ப்பது, பதிவேடு, பாட்டு, வீடு வீடாகப் போவது, போதாக்குறைக்குப் போனில் படம் எடுத்து ஏற்றுவது, எல்லாம் அவள் தலையில். அவளைச் சர்க்கார் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. 'கௌரவ ஊழியர்' என்கிறது. 2018 அக்டோபர் முதல் மத்திய சர்க்கார் கணக்குப்படி அவளுக்கு மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று வைத்தார்கள். அவர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது. அவள் உன் எதிரி அல்ல, தோழரே! உன் பிள்ளைக்காகக் குறைந்த கூலிக்கு உழைக்கும் இன்னொரு தொழிலாளி.

பணத்திலும் கழித்தல்

அதே 2013 சட்டம் பிரசவத்துக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. முதல் பிள்ளைக்கு மட்டும் என்று சட்டத்தில் இல்லை. 2017இல் மத்திய சர்க்கார் திட்டம் போட்டபோது என்ன செய்தது? முதல் பிள்ளைக்கு மட்டும், அதுவும் 5,000 ரூபாய் என்றது. பிறகு, இரண்டாவது பிள்ளை பெண்ணானால் உண்டு என்றது. பார்லிமெண்ட் எழுதியதை அதிகாரி பென்சிலால் கழிக்கலாமா?

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவி 2018 முதல் ரொக்கமும் சத்துப்பொருள் பெட்டியுமாக 18,000 ரூபாய். முதல் இரண்டு பிரசவத்துக்குத் தவணைகளில் வரும். கர்ப்பமானதும், பன்னிரண்டு வாரத்துக்குள், கிராம சுகாதார நர்ஸிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் தவணை நிற்கும். ஈ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளிக்கு, முந்தைய இரண்டு சந்தா காலத்தில் 70 நாள் சந்தா இருந்தால், 26 வாரம் முழுச் சம்பளம். தினக்கூலிக்கும் மஸ்டர் ரோல் பெண்ணுக்கும் பிரசவ உதவி உண்டு என்று 2000ஆம் வருஷத்திலேயே டில்லி நகரசபை வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நீ காண்டிராக்ட், உனக்குக் கிடையாது என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதீர்கள்.

அறிவுக்கு நாம் விரோதியா?

அப்படியானால் தாய்க்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். தாய்க்கும் வேண்டும், தகப்பனுக்கும் வேண்டும். குற்றம் சாட்டாமல், உயிரைக் காக்கிற விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்பு-சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இலவசம். பொட்டலம் கைக்கு வரும்வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு கூடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், குடிக்க முடியாமல் துவளுதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள்.

பிள்ளை மெலிந்திருக்கிறதா? ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, இடது மேற்கையின் நடுவில் நாடா போட்டு அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. ஆஸ்பத்திரி பார்க்க வேண்டிய விஷயம். தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று. எல்லா ஊசியும் இலவசம். சந்தேகம் கேட்க 104. குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098. இதுதான் அறிவு. இதற்கு ஐந்து நிமிஷம் போதும். அந்த அறிவின்படி நடக்க நேரமும் தொட்டிலும் கூலியும் வேண்டும். அங்கேதான் சண்டை!

என்ன செய்வது?

ஒன்று: சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்குப் பக்கத்திலே காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும் இடம் பெறட்டும். 'அது பெண்கள் சமாசாரம்' என்று ஒதுக்கும் ஆண் தோழர்களுக்கு ஒரு கேள்வி: அந்தப் பிள்ளையின் இனிஷியல் யாருடையது?

இரண்டு: 50 பேர் இல்லாத சின்ன யூனிட்டுகள் உள்ள தெருக்களில் பல யூனிட்டுக்குச் சேர்த்து ஒரு பொதுக் காப்பகம் கேளுங்கள். பொதுக் காப்பகத்துக்குச் சட்டத்திலே இடம் உண்டு.

மூன்று: கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். பால்வாடியோடு சேர்ந்த காப்பகம் வேண்டும், அது நடவு நேரத்துக்கும் ஷிப்டு நேரத்துக்கும் திறக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் செய்யுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்கு: பால்வாடிக்கு எவ்வளவு மாவு, எத்தனை முட்டை வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்.

செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். மெஷினுக்கு எண்ணெய் போடப் பணம் எங்கே என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை. பஞ்சைத் தூசி படாமல் வைக்கக் கிடங்கு கட்டுகிறான். நாளைய தொழிலாளியை வைக்க ஓர் அறை கட்டினால் மில் திவாலாகிவிடுமா?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. நம் பிள்ளைகள் அழுது ஓய்ந்துவிட்டன. இனிக் குரல் எழுப்ப வேண்டியது பெற்றவர்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து, மில் வாசலிலும் கிராமசபையிலும்!